லெந்து காலத்துக் கோழிக்குழம்பு

ஆம்பூரில் குடியிருந்துகொண்டு நாற்பது நாள் பிரியாணியைத் தொடாமல் இருப்பதென்றால் சும்மாவா? பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பிரியாணி, ரயில்வே கேட்டைத் தாண்டினால் பிரியாணி, தோல் பதனிடுகிற டேனரியில் ஷிப்டு முடிந்து வருகிற வழி நெடுகத் தம் உடைக்கிற வாசனை. இதற்கு நடுவில்தான் ஜெயம்மாள் சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதையும் வாசற்படி தாண்ட விடாமல் காவல் காப்பாள். தலையில் பூ கிடையாது. புதுத்துணி கிடையாது. டிவியில் சீரியல் கிடையாது. அந்த லுத்தரன் சபையில் தன்னைப்போல் கறாராக லெந்து என்கிற தவக்காலத்தை அனுசரிக்கிறவர் ஒருத்தரும் இல்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

புருஷன் முனிரத்தினம் ஒவ்வொரு வருஷமும் ஒரு வாதத்தைக் கொண்டுவருவார்.

"ஞாயித்துக்கிழமை லெந்து கணக்குல சேராது ஜெயா. ஞாயிறைக் கழிச்சாத்தான் நாப்பது வருது. பாஸ்டரையே கேட்டுப் பாரு."

"கணக்குப் பாக்க நீ இன்னா ஆடிட்டரா? பேசாம கீரையைச் சாப்புடு."

பாவம், மனுஷன் கீரையைச் சாப்பிடுவார்.

வீட்டுக்குள் காவல் காத்ததோடு விட்டாளா? அதுவும் இல்லை. போன வாரம் அதே தெரு அமிர்தவள்ளி, அதே சபைக்காரி, பிரியாணிப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனதைக் குழாயடியில் பிடித்துவிட்டாள். "ஆண்டவர் சிலுவை சுமக்கிற காலத்துல உனக்கு லெக் பீஸ் கேக்குதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேவிட்டாள். அதிலிருந்து அமிர்தவள்ளி இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். எதிர்வீட்டு பில்கிஸ்தான், தானும் ரம்ஜான் நோன்பில் வாடிக்கொண்டு, "ஏன் ஜெயாக்கா, நோன்பு வைக்கிறவங்களுக்கு வாய் பேசாத நோன்பு ஒண்ணு கிடையாதா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இப்பேர்ப்பட்ட ஜெயம்மாளுக்கு இந்தப் புதன்கிழமை கை கால் ஓடவில்லை. லெந்து காலத்தில் புதன்தோறும் ஒவ்வொரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். இந்த வாரம் அவள் வீட்டில். அதுகூடப் பெரிய விஷயமில்லை, எத்தனையோ கூட்டம் நடத்தியவள்தான். இன்றைக்கு மருமகளின் அம்மா வருகிறாள். அதுதான் விஷயம்.

மருமகள் சங்கீதா ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். ஷூ கம்பெனியில் மகன் ஜோசுவா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த வரிசையில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடிய வேகத்தில் காதலும் ஓடிவிட்டது. சங்கீதாவின் வீடு ஊர்த்தெரு, நிலம் நீச்சு உள்ள குடும்பம். ஜெயம்மாளின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காலனி. பெண் கேட்டுப் போன ஜெயம்மாளையும் முனிரத்தினத்தையும் சங்கீதாவின் அம்மா வள்ளியம்மாள் வேலிக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி, வெளியிலேயே அனுப்பிவைத்தாள். கல்யாணத்துக்கும் வரவில்லை. பெண் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாளாய் நிலக்கடலை விதைத்து வளர்த்த ஒற்றைப் பெண். வள்ளியம்மாளுக்கு அந்த வைராக்கியம் இருந்தது.

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஜெயம்மாள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். முனிரத்தினம் டேனரி முதலாளி முதற்கொண்டு அனைவருக்காகவும் ஜெபிப்பார். ஜோசுவா அவசர அவசரமாக முடிப்பான். சங்கீதாவுக்கு ஆரம்பத்தில் வாயே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. வந்த நாளிலிருந்து தினமும் அதே ஒரு வரிதான்: "சாமி, எங்கம்மா ஒரு வாட்டி வரணும்." ஜெயம்மாள் கண்ணை மூடியபடியே மூக்கை உறிஞ்சுவாள்.  ஊரையெல்லாம் திருத்துகிற தன்னால் இதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இப்போது சங்கீதா முழுகாமல் இருக்கிறாள். எப்படியோ செய்தி ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. சங்கீதா "ஹலோ" என்றாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புதன்கிழமை வர்றாங்களாம்," என்றாள் அழுதுகொண்டே. "அஞ்சரை பஸ்ஸுக்கு."

புதன்கிழமை கூட்டம் இருக்கிறது, வேறு நாள் வரச் சொல்லு என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. லெந்து காலம், இங்கே இது ஆகாது அது ஆகாது என்று சொல்லவும் தைரியமில்லை. "ஒண்ணும் சொல்லாதீங்க," என்றான் ஜோசுவா. "ஏதாவது சாக்குக் கெடைச்சா நின்னுடுவாங்க."

புதன்கிழமை தான் வேலை செய்கிற கம்பெனியில் அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஜெயம்மாள் ஓடிவந்தாள். வீட்டைக் கழுவினாள். கழுவிய வீட்டை மறுபடியும் கழுவினாள். பில்கிஸ் வீட்டிலிருந்து விரிக்கப் பாய் வந்தது. கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்தாயிற்று, டீக்குப் பால் வந்தாயிற்று. "அந்த நீலப் புடவையைக் கட்டு," என்று மருமகளை விரட்டினாள். "இல்ல, அது வேணாம், மெலிஞ்ச மாதிரி தெரியும். உங்கம்மா நான் சோறு போடலன்னு நெனச்சுக்கும்." முனிரத்தினத்துக்கு ஒரே சிரிப்பு. பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இப்படிக் கூத்து நடக்காது.

ஜோசுவா பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அஞ்சரை பஸ் வந்தது, அதில் ஆள் இல்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது, அதிலும் இல்லை. கூட்டத்துக்கு ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்டர் வந்தார், உபதேசியார் வந்தார், அமிர்தவள்ளிகூட முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்தாள். பாட்டுத் தொடங்கியது. ஜெயம்மாள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். பதற்றத்தில் சுருதியை எக்கச்சக்கமாக ஏற்றிவிட்டாள். இரண்டாவது அடியிலேயே ஆண்கள் தொண்டை கட்டி விழித்தார்கள். அவள் அதைக் கவனித்தால்தானே? வாய் பாட்டில் இருந்தது, கண் வாசலில் இருந்தது.

பாஸ்டர் கர்த்தருடைய பாடுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜோசுவா தெரிந்தான். அவனுக்குப் பின்னால், ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு, நெற்றி நிறையக் குங்குமத்துக்குப் பதில் திருநீறு. வந்துவிட்டாள். சங்கீதா எழுந்து ஓடினாள். அம்மாவும் பெண்ணும் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் கையை நீட்டியது என்று தெரியவில்லை. பாஸ்டர் வாசிப்பை நிறுத்திவிட்டு, அவர்கள் ஓயும்வரைக்கும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்.

"உள்ள வாங்கம்மா," என்று ஜெயம்மாள் கூப்பிட்டாள்.

"பரவால்ல. இங்கியே உக்காந்துக்கறேன்," என்று வள்ளியம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்து தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பிரசங்கம் தொடங்கியது. இச்சையடக்கத்தைப் பற்றித்தான் பிரசங்கம். பஸ்ஸில் குலுங்கியதில் தூக்கின் மூடி நெகிழ்ந்திருக்க வேண்டும். முதலில் வாசலோரம் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. பிறகு நடுவில் இருந்தவர்களுக்கு. மிளகு வறுத்து அரைத்த நாட்டுக்கோழிக் குழம்பு. சின்னப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் எச்சில் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது. முனிரத்தினம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அது பக்தியினால் அல்ல. அமிர்தவள்ளியின் முகத்தில் மட்டும் போன வாரத்திலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

ஜெயம்மாள் தூக்கையும் பாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐயோ, இது லெந்து காலமென்று அந்த அம்மாளிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் டீயும் சுண்டலும் சுற்றி வந்தன. வள்ளியம்மாள் சுண்டலை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். டீயைத் தொடவில்லை. தொடமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்றும் தெரியும். பிறகு தூக்கைத் தூக்கி ஜெயம்மாள் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இவளுக்கு இதுன்னா உசுரு. மாசமா இருக்கறப்ப வாய்க்கு ருசியா கேக்கும்னு, வளத்த கோழிய அறுத்தேன். அதான் பஸ்ஸு வுட்டுட்டேன். உங்களுக்கும் சேத்துதான் வெச்சேன். நீயும் சாப்புடு."

  சங்கீதாவுக்கு மட்டும் போட்டுவிடலாமே, நாங்கள் அப்புறம் சாப்பிடுகிறோம் என்று நழுவிவிடலாமே என்று ஜெயம்மாளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அதற்குள் வள்ளியம்மாளின் முகம் மாறிவிட்டது.

"இன்னா யோசிக்கற? அன்னைக்கு நான் உங்கள வேலிக்கு வெளிய நிக்க வெச்சேன்னு, இன்னைக்கு என் குழம்பைத் தள்றியா?"

"அம்மா, அப்படி இல்லம்மா," என்று சங்கீதா குறுக்கே வந்தாள்.

வள்ளியம்மாள் மூடியைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த மூடி மறுபடியும் தூக்கின் மேல் விழுந்தால், இந்த அம்மா இந்த ஜென்மத்தில் இந்தப் படி ஏறமாட்டாள். அது ஜெயம்மாளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரு பக்கம் ஊரறிந்த தன் லெந்து. மூலையில் அமிர்தவள்ளி. எதிரில் பாஸ்டர். இன்னொரு பக்கம் தினமும் அந்த ஒரே வரியை ஜெபித்த பெண், வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு.

"ஜோசுவா, தட்டு எடுத்தா," என்றாள். "சோறு போடு."

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஜெயம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றிப் பிசைந்தாள்.  முதல் கவளம் உள்ளே போனது. காரம் உச்சந்தலைக்கு ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் வந்த தண்ணீர் கொஞ்சம்தான். எலும்பைக் கடித்தாள். இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம்.

"நல்லா இருக்குதும்மா," என்றாள். "உப்பு, காரம், எல்லாம் கரெக்டா இருக்குது."

"இன்னைக்குப் புதன்கிழமைதானே, ஞாயிறு இல்லியே?" என்று முனிரத்தினம் மெதுவாகக் கேட்டார்.  பாஸ்டர் குனிந்து, வாசலில் தன் செருப்பை வெகுநேரமாகத் தேடினார்.

அமிர்தவள்ளியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எத்தனை நாள் காத்திருந்த சந்தர்ப்பம்? எழுந்து நேராக வள்ளியம்மாளிடம் போனாள்.

"உங்களுக்குத் தெரியாதும்மா. இது எங்களுக்கு லெந்து காலம். இந்த ஜெயாக்கா நாப்பது நாளும் கறி தொடாது. நாங்க தொட்டாலும் வுடாது, நடுத்தெருவுல மானத்தை வாங்கிடும். இப்ப பாத்தீங்களா, எங்க கண்ணு முன்னாடியே..." என்று ஆரம்பித்தவள், ஜெயம்மாளின் ஈரக் கண்ணைப் பார்த்ததும் தடுமாறினாள். பாதியில் நின்ற பேச்சை வேறுமாதிரி முடித்தாள். "எங்க கண்ணு முன்னாடியே, உங்களுக்காகத்தான் சாப்புடுது."

வள்ளியம்மாள் கையில் மூடியோடு அப்படியே நின்றாள்.

"என்கிட்ட யாரும் சொல்லலியே," என்றாள். பிறகு ஜெயம்மாள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சேவா சாப்ட்ட?"

"தெரிஞ்சேதான்."

"சாமி குத்தம் ஆகாதா?"

"ஆனா ஆயிட்டுப் போவுது. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். நீங்க வளத்த கோழிய அறுத்து, இவ்ளோ தூரம் மடியில வெச்சுத் தூக்கிக்கினு வந்திருக்கீங்க. அதைத் திருப்பி அனுப்பிட்டு நாளைக்கு இந்தப் பொண்ணுகூட நான் எப்படி முட்டி போட்டு ஜெபம் பண்றது?"

 வள்ளியம்மாள் மூடியைக் கீழே வைத்தாள். படியிலிருந்து உள்ளே வந்தாள். குடத்துப் பக்கம் போய், தானே சொம்பை எடுத்து, அந்த வீட்டுத் தண்ணீரில் கை கழுவினாள்.  வள்ளியம்மாள் வந்து ஜெயம்மாளுக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு தட்டு வைங்க," என்றாள்.

ஜோசுவா தட்டை வைத்தான். சோற்றை ஜெயம்மாளே எச்சில் படாத இடக்கையில் கரண்டி பிடித்து அள்ளினாள். கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. கொஞ்சமாகப் போட்டுவிட்டு, போதுமோ, அதிகமோ, சாப்பிடுவாளோ மாட்டாளோ என்று தயங்கினாள்.

"இன்னா நிறுத்திட்டீங்க?" என்றாள் வள்ளியம்மாள். "காலையிலிருந்து ஒண்ணும் சாப்புடல. நான் போதும்னு சொல்றவரைக்கும் போடுங்க."