ஒடிந்த போல்ட்

செல்லூர் விசைத்தறிப் பட்டறைகளில் ஃபிட்டர் வேலை பார்க்கும் சிவபாண்டிக்கு, எந்த நட்டை எவ்வளவு முறுக்குவது என்று கைக்கே தெரியும். ஆனால் மனைவி முத்துச்செல்வி ஓட்டும் லோடு ஆட்டோ என்றால் மட்டும் அந்த நிதானம் போய்விடும். போன வருஷம் காளவாசலில் ஒரு சக்கரம் லூஸாகி, அவள் பஸ்ஸில் மோதாமல் தப்பியதே பெரிய விஷயம். அன்றிலிருந்து சக்கர நட்டுகளை அவனே பேட்டரி மெஷின் வைத்து, அது அலறி ஓயும்வரை முறுக்குவான்.

அன்று காலை அவளிடமிருந்து போன். கல்யாணச் சீர் பீரோவோடு பேரையூர் போனவள், ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் பஞ்சராகி நின்றிருந்தாள்.

"ஸ்டெப்னி இருக்குல்ல, மாட்ட வேண்டியதுதான?"

"நட்டு அசைஞ்சாத்தான! ஸ்பானர் மேல ஏறி மிதிச்சேன். போல்ட் ஒடிஞ்சு நானும் விழுந்துட்டேன். முட்டியெல்லாம் சிராய்ப்பு."

அவன் மெஷினையும் ஒரு புது போல்ட்டையும் பையில் போட்டுக்கொண்டான். "வாரேன், அங்கனயே இரு."

பைக்கில் அவன் போய்ச் சேர்ந்தபோது, கல்யாணப் பெண்ணின் மாமா அழகுபாண்டி அவளை மண்டபத்துக்குச் சாப்பிட வரச் சொல்லிவிட்டு, பீரோவை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மெஷினுக்கும் அசையாத நட்டுகளை, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி மூச்சுமுட்டக் கழற்றினான். ஒடிந்ததைத் தட்டியெடுத்துப் புது போல்ட்டைப் போட்டு, ஸ்டெப்னியை மாட்டினான். பழக்கத்தில் கை மெஷினுக்குப் போனது. அவள் அதை எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

"நீங்க முறுக்குனத நீங்களேதான் வந்து கழட்டணும்னா, நான் ஒத்தையில ரோட்டுல நிக்கிறப்ப என்ன செய்ய?"

"கழண்டுருமோன்னு பயமா இருக்கு செல்வி."

"தறிக்கு இப்படியா முறுக்குவீங்க?"

அவன் நட்டுகளை விரலால் ஏற்றிவிட்டு, எதிரெதிராக ஸ்பானரால் முறுக்கினான். பிடித்து நின்றதும் இன்னும் ஒரு சின்ன அழுத்து. அதற்கு மேலும் கை துடித்தது, நிறுத்திக்கொண்டான். அவள் ஒரு நட்டைத் தானே கழற்றிப் பார்த்தாள். வந்தது. திரும்ப அதே அளவுக்கு இறுக்கினாள்.

மண்டபத்து வாசலில் வண்டி நின்றதும், பின்னால் பைக்கில் வந்தவன் ஓடிவந்து நாலு நட்டிலும் ஸ்பானரை வைத்துப் பார்த்தான். எதுவும் அசையவில்லை.

"பாத்தாச்சா? வாங்க, பந்தி போட்டாச்சு."

அவள் நொண்டியபடி முன்னே நடந்தாள். சாப்பிடும்போது தன் இலையில் விழுந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தான். அவள் முறைத்துவிட்டு, அதைத்தான் முதலில் தின்றாள்.