பாட்டுப் பாடும் லிஃப்ட்

என் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, இதயக் குழாயிலிருந்த மூன்று அடைப்புகளுக்கு மாற்றுவழி போட்டு, எலும்பை மறுபடி எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டி, மேலே தோலைத் தைத்து அனுப்பிய மருத்துவமனை, கிளம்பும்போது கையில் ஒரு தலையணையைக் கொடுத்தது. சிவப்பு நிறம், இதய வடிவம். இருமும்போது அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டுமாம். காதலர்கள் கொடுத்துக்கொள்ளும் சாமானை ஐம்பத்தெட்டு வயது ஆளின் மடியில் வைத்து, "நல்லா கட்டிப் பிடிச்சுக்குங்க சார்" என்று சிரிக்காமல் சொல்ல ஒரு நர்சால்தான் முடியும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருட அனுபவம். கம்பி, முறுக்கு, எடை, இழுவை பற்றியெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் பாடம்தான் எடுத்தார்கள். கையை ஊன்றி எழக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கக்கூடாது. இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கனமான கதவைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இப்படி எட்டு வாரம். "மூச்சாவது விடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அதற்கும் ஒரு கருவி கொடுத்தார்கள்.

மூன்று பிளாஸ்டிக் குழாய், உள்ளே மூன்று பந்து. மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். எனக்கு இரண்டுதான் ஏறும். மூன்றாவது இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, "மூணாவது மாடிக்கு லிஃப்ட் போகலையா அத்தான்?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். கைப்பேசியில் நான்கு வீடியோ பார்த்து இதயநோய் நிபுணராகிவிட்ட ஜென்மம். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, அவன் நண்பனின் மாமனாருக்கு இதே ஆபரேஷன் நடந்ததையும், பத்தாம் நாளே அவர் மாடிப்படி ஏறியதையும் சொல்வான். அந்த மாமனார் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

"ஆனா அது கிட்னியில அத்தான்" என்றான், எனக்கு ஆறுதலாக.

மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு கிலோ ஆப்பிளோடு வருவார்கள். உட்கார்ந்ததும் கண் என் சட்டைப் பொத்தானுக்குத்தான் போகும். தையலைப் பார்க்காமல் போனால் வந்த செலவு வீண். "பாதி உடம்பாயிட்டீங்களே" என்று உச்சுக்கொட்டிவிட்டு, மீதிப் பாதி என்றைக்குப் போகும் என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அழுகையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்றாவது வாரம், பற்பசை விளம்பரத்தில் ஒரு குழந்தை பல்லைக் காட்டிச் சிரித்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குலுங்கினால் நெஞ்சு வலிக்கும் என்பதால் அந்தச் சிவப்புத் தலையணையைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். இதைவிடக் கேவலம் உண்டா? மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கண்ல தூசி" என்றேன்.

"ரெண்டு கண்லயுமா?"

அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளின் பொய் விடுப்புக் கடிதங்களைப் படித்துப் படித்து மூக்கு பழகிவிட்டது. அவளிடம் நம் பருப்பு வேகாது. ஆனாலும் அன்று மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

ஐந்தாவது வாரம் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். "மெதுவா வாங்க சார், ஒண்ணும் அவசரமில்ல. இங்க எல்லாம் நல்லா ஓடிக்கிட்டிருக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அது செருப்பால் அடித்தது போல இருந்தது. நான் இல்லாமல் எல்லாம் நல்லா ஓடுகிறதாம்! போனை வைத்ததும் நேரே அலமாரிக்குப் போய், கீழ்த் தட்டிலிருந்த டூல் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். பதினான்கு கிலோ. முழங்கால் உயரம் வந்தது. அப்போது நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்டது.

டக்.

பேனா மூடியைப் போடும் சத்தம்தான். வலிகூடப் பெரிதாக இல்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து படுத்தேன். அரை மணி கழித்து எழுந்தபோது மறுபடியும் டக். அதற்குப் பிறகு படுக்கையிலிருந்து எப்போது எழுந்தாலும் டக். சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். கட்டியிருக்கும் இடத்தில் எதுவோ அசைகிறது என்று புரிந்துகொள்ள எனக்கு எந்த டாக்டரும் தேவையில்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் கரகரவென்று சத்தம் போட்டது. குடியிருந்தவர்கள் புகார் செய்தார்கள். அந்தக் கட்டடத்து நிர்வாகி, மகா புத்திசாலி, என்னைக் கூப்பிடவில்லை. லிஃப்டுக்குள் ஒரு ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டுப் போட்டுவிட்டார். மூன்று மாதம் எல்லோரும் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்வந்தார்கள். பிறகு ஒருநாள் ஏழு பேரோடு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. அவர்களை வெளியே எடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அந்த ஆளை நிற்கவைத்துக் கேட்டேன்: "பாட்டுப் போட்டா பழுது போயிடுமாய்யா?" இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. என் மனைவிக்கு மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிலுக்குப் பக்கத்தில் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தேன். எழ வேண்டியபோதெல்லாம் முதலில் அதன் காதைத் திருகுவேன். பாட்டு அலறும். நான் எழுவேன். டக் பாட்டுக்குள் அமுங்கிவிடும். குளியலறைக்குப் போனால் பாட்டு, சாப்பிடப் போனால் பாட்டு. மச்சினனுக்கு ஒரே சந்தோஷம். "இசை ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லதாம் அத்தான், வீடியோல சொன்னாங்க" என்றான். முட்டாளுக்கு ஒரு முட்டாள் சாட்சி. பதினோரு நாள் இப்படியே ஓடியது.

பன்னிரண்டாம் நாள் காலையில் எழுவதற்காக ரேடியோவுக்குக் கை நீட்டினேன். மனைவி எனக்கு முன்னால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்ப எழுந்திரிங்க."

"எதுக்கு?"

"சும்மா."

"பாட்டுக் கேக்கணும், குடு."

"பாட்டு எங்கயும் போயிடாது. எழுந்திரிங்க."

"தூக்கம் வருது எனக்கு."

"எனக்கே காது குத்துறீங்களா? இத்தன வருஷத்துல நீங்க ஒரு பாட்ட முழுசா கேட்டதுண்டா?"

கத்திப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கச் சந்தேகம்தான் உனக்கு என்றேன். நோயாளியைப் படுத்துகிறாய் என்றேன். அவள் அசையவில்லை. ஜன்னல் வழியே கேட்கும் வண்டிச் சத்தம்கூட அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது. வேறு வழியில்லாமல் காலைத் தரையில் வைத்து எழுந்தேன்.

டக்.

அந்த அறையில் அது அவ்வளவு பெரிய சத்தமாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல" என்றாள். "எத்தன நாளா?"

"பதினோரு நாள்."

"ஏன் சொல்லல?"

முப்பத்தோரு வருடமாக ஊரில் இருக்கிற நிர்வாகிகளையெல்லாம் கோழை, திருடன், மூடன் என்று திட்டியவன் நான். அன்று என் வாயில் வந்தது இதுதான்: "மறுபடியும் அறுத்துருவாங்கன்னு பயமா இருக்கு. என்னால முடியாது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோன லிஃப்ட்ல கதவு ஒட்டி ஒட்டித் திறந்துச்சு. இதுதான் நான் ஏறுற கடைசி லிஃப்ட்னு நெனச்சேன். அதையாவது சரி பண்ணிட்டுச் செத்திருக்கலாம்னு தோணுச்சு."

"அந்த லிஃப்ட் முன்னாடிதான் நான் அஞ்சு மணி நேரம் நின்னேன்" என்றாள். "ஒவ்வொரு தடவ கதவு திறக்கும்போதும் என்ன சொல்லப் போறாங்களோன்னு உயிர் போய் வந்துச்சு. நீங்க மட்டும்தான் பயந்தீங்கன்னு நெனப்பா?"

நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை. என் தையலை ஊரே பார்த்துவிட்டுப் போனது. அவள் எங்கே நின்றாள் என்று நான் கேட்கவில்லை. நிர்வாகியைவிட நான் எந்த விதத்தில் உசத்தி?

பத்து மணிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். தலையணை என் மடியில் இருந்தது. நான்தான் எடுத்துவந்தேன்.

"எழும்போது, இருமும்போது ஏதாவது சத்தம் வருதா?" என்று வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார். இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அவள் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருது டாக்டர். பதினோரு நாளா வருது. பாட்டுப் போட்டு மறைச்சுட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நெஞ்சில் கை வைத்து இருமச் சொன்னார். படம் எடுத்தார்கள். பெட்டி தூக்கியதைச் சொன்னபோது என்னைப் பார்த்தார் பாருங்கள், நான் நிர்வாகியைப் பார்த்த அதே பார்வை. கம்பி எதுவும் அறுந்துபோகவில்லை, எலும்பு சேரும் இடத்தில் கொஞ்சம் அசைவு இருக்கிறது, நெஞ்சுக்கு இறுக்கமான பெல்ட், இன்னும் ஆறு வாரம் ஓய்வு, வாராவாரம் வந்து காட்ட வேண்டும் என்றார்.

"அறுக்கணுமா?" என்று கேட்டேன்.

"இப்ப தேவையில்ல. இன்னொரு வாரம் மறைச்சிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்."

எனக்கு அங்கேயே பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர், நர்ஸ், வாசலில் காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி, சிவப்புத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்தாள். கண்ணில் தூசி என்று நான் சொல்லவில்லை.