பிரின்சிபால் ரங்கையாவின் சுரங்க விளக்கு

விளக்கு மறுபடியும் அணைந்தது.

மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். எண்ணெய் இருந்தது, திரியும் புதுசு. ஏற்றியதும் சுடர் நன்றாகத்தான் நிமிரும். ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடிக்கிற நேரம் எரியும். பிறகு யாரோ அதட்டியது போலக் குறுகி, நீலமாகி, திரி நுனியில் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்று போய்விடும்.

தேன்மொழி பிரின்சிபால் ரங்கையாவின் சித்தூர் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் காற்றோட்டப் பிரிவு அதிகாரி அவள். பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் காற்றை அனுப்பத் தெரிந்தவளுக்கு ஒரு சாண் கண்ணாடிக் குழலுக்குள் காற்று என்ன ஆகிறது என்று தெரியவில்லை.

அது சாமி விளக்கு இல்லை. சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற பித்தளைப் பாதுகாப்பு விளக்கு. கீழே எண்ணெய்க் கிண்ணம். அதன்மேல் ஒரு வளையம், வளையத்தில் தடித்த கண்ணாடிக் குழல், குழலுக்கு மேலே இரும்புக் கம்பி வலையால் செய்த தொப்பி, எல்லாவற்றுக்கும் மேலே மூடி. வலைதான் இதன் உயிர். உள்ளே இருக்கிற நெருப்பு வெளியே எட்டிப் பார்க்க வந்தால் வலை அதன் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும்; வெளியில் எரிவாயு இருந்தாலும் பற்றாது. வாயு கசிந்திருந்தால் சுடரின் தலையில் நீலக் குல்லாய் முளைக்கும். நல்ல காற்று குறைந்தால் சுடர் ஒடுங்கும். இன்றைக்கு இந்த வேலையைக் கையடக்கக் கருவி செய்கிறது, ஆபத்தென்றால் கத்துகிறது. ஆனாலும் அவள் படித்த சுரங்கக் கல்லூரியில் எந்த விழாவுக்கும் குத்துவிளக்கு கிடையாது. இந்த விளக்கைத்தான் ஏற்றுவார்கள். பிரின்சிபால் ரங்கையா தன் கையால் திருகிப் பூட்டி மேஜைமேல் வைத்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்கலாம்.

அவர் ஓய்வு பெற்றபோது விளக்கை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர் இல்லை. அன்று மாலை திருப்பதியில் ஒரு ஓட்டல் ஹாலில், பழைய மாணவர்கள் கூடி அவரை நினைக்கப் போகிறார்கள். விளக்கை ஏற்ற வேண்டியவர் அவர் மனைவி லட்சுமம்மா.

"காரியத்தன்னிக்கும் இப்பிடித்தான் பண்ணுச்சி," என்றார் லட்சுமம்மா. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க, பொசுக்குனு போச்சி. அவுங்க தங்கச்சி சொல்லிட்டா, அண்ணனுக்கு மனசு ஆறலன்னு."

"அது விளக்கும்மா. அதுக்கு என்ன தெரியும்," என்றாள் தேன்மொழி.

"எனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரில படுத்துக்கினு, சித்தூருக்குக் கூட்டினு போ, கூட்டினு போன்னு கேட்டாரு. நான்தான் இன்னொரு நாள் இருக்கலாம்னு பிடிச்சி வெச்சேன். அந்த ஒரு நாள்லதான்..." முந்தானையை விரலில் சுற்றினார். "அங்கயும் அணைஞ்சா, அது எனக்குச் சொல்ற பதிலு. நான் மேடை ஏறமாட்டேன் பொண்ணே."

வாசலில் ஹரிபாபு கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றான். தேன்மொழியோடு படித்தவன், இப்போது கிரானைட் குவாரி வைத்திருக்கிறான்.

"சரேலே, சரி வுடு, கெளம்பலாம். வழியில பாத்துக்கலாம். ஒண்ணும் ஆகலன்னா உள்ளாற ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு வெச்சுடலாம்."

"வெச்சுப் பாரு," என்றாள் தேன்மொழி. "ஹால்ல இருக்கிறவங்க எல்லாம் மைனிங் ஆளுங்க. உன்னை ஒரே குழில போட்டு மூடிடுவாங்க."

கார் பூதலப்பட்டைத் தாண்டியது. சாலையின் இரண்டு பக்கமும் மாந்தோப்புகள் ஓடின. தேன்மொழி பின் இருக்கையில் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். வலையைக் காலையிலேயே பெட்ரோலில் கழுவியாகிவிட்டது. மூச்சு அடைத்தால் முதலில் புகை போகிற பக்கத்தைப் பார்ப்பது அவள் வேலைப் பழக்கம். கரி அங்கேதான் சேரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். வலையின் ஒவ்வொரு கண்ணும் சுத்தமாக இருந்தது.

டீக்கடை ஓரம் காரை நிறுத்தச் சொல்லி, பக்கத்துச் சுவர் மறைவில் வைத்து ஏற்றிப் பார்த்தாள். அணைந்தது. கண்ணாடியை அரைத் திருகு தளர்த்தினாள். ஏற்றினாள். ஹரிபாபு டீ குடித்து முடித்து இன்னொன்று சொல்லி அதையும் குடித்தான். சுடர் அசையாமல் நின்றது.

"அவ்ளோதான் மேட்டரு. லூஸா வுட்டுடு," என்றான்.

"தெறந்த வெளக்கா?" லட்சுமம்மா காருக்குள் இருந்தே கேட்டார். "தெறந்ததுக்குத்தானே உன்னை வீட்டுக்கு அனுப்பிச்சாரு? பிராக்டிகல்ல தெறந்து சிகரெட்டு பத்த வெச்சல்ல நீ."

ஹரிபாபு கழுத்தைச் சொறிந்தான். "அது ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?"

"எங்க வூட்டுக்கு வந்து அழுதியே. சாப்பாடு போட்டேன். அழுதுக்கினே ரெண்டு தரம் வாங்கித் துன்ன."

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. மூடினால் அணைகிறது, தளர்த்தினால் எரிகிறது. விளக்கு காற்று கேட்கிறது, அவ்வளவு தெரிகிறது. எங்கே மறுக்கப்படுகிறது என்பது தெரியவில்லை. தளர்த்திய விளக்கை ரங்கையா சாரின் படத்துக்கு முன்னால் வைக்கவும் முடியாது. சுரங்க வாசலில் 'யாருக்கு பயமா இருக்கு?' என்று கேட்டு, கை தூக்கினவர்களை முதலில் இறக்கி, தூக்காதவர்களை மேலேயே உட்கார வைத்தவர் அவர். பெண்களைச் சுரங்கத்துக்குள் விடச் சட்டம் இடம் தராத நாளில் தேன்மொழிக்கு சீட் கொடுத்தார். ஆபீசில் ஆட்சேபணை வந்தது. "சட்டம் மாறுறப்ப மாறட்டும். அன்னிக்குப் படிச்ச பொண்ணுக்கு எங்க போவீங்க?" என்றார். அவர் பொய் வேலையை மன்னித்து அவள் பார்த்ததில்லை.

சந்திரகிரிக் கோட்டை போனது. திருப்பதியின் நெரிசல் வந்தது. மொட்டைத் தலைகள், ஆட்டோக்கள், ஓட்டல் பலகைகள். தேன்மொழி அதற்குள் நான்கு தடவை திருகியிருப்பாள். லட்சுமம்மா திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஹால் நிறைந்திருந்தது. மேடையில் ரங்கையாவின் பெரிய படம், மாலை, கீழே ஊதுபத்தி. நடத்துகிறவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். லட்சுமம்மா மேடைக்குப் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"நீயே ஏத்திடு தேன்மொழி. எனக்கு முடியல."

தேன்மொழி கதவிடுக்கில் மேடையைப் பார்த்தாள். ஊதுபத்திப் புகை நேராக ஏறி, ஏ.சி. இருந்த பக்கம் சாய்ந்து, அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் போய் ஒரு ஊதுபத்தியை உருவிக்கொண்டு வந்தாள். சுரங்கத்தில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் புகையை விட்டுப் பார்ப்பார்கள். தினமும் பண்ணுகிற வேலை. விளக்கென்றதும் அது தோன்றவேயில்லை.

விளக்கை ஏற்றி முழுக்கத் திருகினாள். ஊதுபத்தியை மூடியின் அருகில் பிடித்தாள். சூட்டில் புகை மேலே விரட்டப்பட்டது. சரி, வெளியே போகும் வழி திறந்திருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே வளையத்தின் அருகில் பிடித்தாள். காற்று உள்ளே வருகிற இடம் அது; புகை வளையத்துக்குள் இழுபட வேண்டும். இழுபடவில்லை. கண்ணாடியை உரசிக்கொண்டு நேராக மேலே ஏறியது. சுடர் குறுக ஆரம்பித்தது.

செல்போன் வெளிச்சத்தை வளையத்தில் அடித்தாள். சுற்றிலும் கடுகளவு துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று மஞ்சள். பித்தளையின் அதே மஞ்சள்.

"அம்மா, ஒரு ஊக்கு குடுங்க."

லட்சுமம்மா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். தேன்மொழி ஒரு துளையைக் குத்தினாள். பொடி உதிர்ந்தது. இன்னொன்று. அறையில் சந்தனம் மணத்தது.

லட்சுமம்மா எழுந்து வந்தார். பொடியை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"தினம் காலம்பற தொடச்சி, அந்த இடுப்புலதான் சந்தனம் இட்டேன். அவுரு இருந்தவரைக்கும் யாரையும் தொடவுடல. அவுரு போனப்புறம், சும்மா எப்பிடி வெக்கறதுன்னு..." தேன்மொழியைப் பார்த்தார். "நான்தான் அணைச்சேனா?"

தேன்மொழிக்கு வேறு பதில் தேடத் தோன்றியது. தேடவில்லை. "ஆமாம்மா. நீங்கதான். காத்து உள்ள போற வழி அதுதான். அடைஞ்சுபோச்சு. உள்ள இருக்கிற காத்து தீர்ற வரைக்கும் எரியும், அப்புறம் அணைஞ்சிடும்."

"அவுரு இல்ல?"

"அவர் இல்ல."

லட்சுமம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஹரிபாபு பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். கையை எடுத்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"என் கை பண்ணினதுதானா. எங்க நைனா சொல்வாரு, இவ பூஜை பண்ணா சாமிக்கே மூச்சு முட்டும்னு." முந்தானையால் துடைத்துக்கொண்டார். "குடு அந்த ஊக்க. மிச்சத்த நான் எடுக்கறேன்."

ஹாலில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். அவர் அவசரப்படவில்லை. துளை துளையாகக் குத்தி, ஊதி, முந்தானையால் துடைத்தார். தேன்மொழி ஏற்றித் திருகி, ஊதுபத்தியை வளையத்தருகே காட்டினாள். புகை வளைந்து உள்ளே போனது. சுடர் நிமிர்ந்தது. மேஜைமேல் வைத்துக் காத்திருந்தார்கள். காபி ஆறுகிற நேரம் கடந்தது. அதற்கு மேலும் கடந்தது.

"இனிமே பொட்டே வெக்கக் கூடாதா?" என்று கேட்டார் லட்சுமம்மா, மேடைக்குப் போக விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டே.

"வெக்கலாம்மா. கீழ எண்ணெய்க் கிண்ணத்துல வையுங்க. வளையத்துல மட்டும் வேணாம். காத்து வளையத்து ஓட்டை வழியா உள்ள வருது, வலை வழியா மேல போவுது. ஓட்டை தெறந்திருந்தா வெளக்கு எரியும்."