கறுப்புப் பொலித்தீன்

விடியுமுன் எங்கள் பேக்கரிப் போறணை வாசலில் நின்றால் முகம் வேகும், முதுகு மழையில் நனையும். உள்ளே வேலுசாமி நீண்ட மரத்துடுப்பால் வெந்த பாண்களை இழுத்துப் போட, நேசம் அக்கா சுடச்சுடப் பெட்டிகளில் அடுக்குவா. சைக்கிள்காரரான நாங்கள் பெட்டியைக் கரியரில் இறுக்கி, மேலே கறுப்புப் பொலித்தீனைப் பின்பக்கம் தொங்கும்படி போர்த்திக்கொண்டு, கொட்டாஞ்சேனை இருட்டுக்குள் இறங்குவோம். பாண் நனைந்து திரும்பினால் அது எங்கள் சம்பளத்தில் விழும். முதலாளி சவுந்தரநாயகத்தின் சட்டம் அது.

போன மாதம் அந்த மனுஷனுக்குத் திடீரென்று எங்கள் உயிர்மேல் ஆசை வந்தது. லைட் பட்டால் மின்னும் ஸ்பிரே கொஞ்சம் வாங்கி வந்தார். படம் பிடிக்க ஆளும் வந்தது. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு குனிந்து, கடைப் பெயர் எழுதிய என் பெட்டியின் பின்பலகையில் தன் கையாலேயே அடித்தார்; மற்றப் பெட்டிகளுக்கு எங்களையே அடிக்க விட்டார். "தொழிலாளியின் பாதுகாப்பே எமது பாதுகாப்பு" என்று பேஸ்புக்கில் போட்டார். எங்களுக்கு ஆளுக்கொரு பனிஸ். சீ, என்ன நடிப்பு!

சாமான் நல்ல சாமான்தான், பொய் சொல்லக்கூடாது. பகலில் அடித்ததே தெரியாது. இருட்டில் லைட் பட்டால் பலகை பளீரென்று எழும்பும். ஆனால் அதன்மேல்தானே பொலித்தீன் தொங்குகிறது!

சைக்கிள்காரரில் ஒருவனான பாஹிம் அன்றைக்கே கேட்டான்: "முதலாளி, ஷீட்டப் போட்டா இது எப்பிடித் தெரியிற? மட்கார்டுக்கும் ஷீட்டுக்கும் அடிச்சா என்ன?"

"கடைப் பெயர்தான் மின்ன வேணும். மற்ற இடத்தில அடிச்சு ஏன் வீணாக்கிறாய்?" என்றார். மிச்ச டின்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

செவ்வாய்க்கிழமை அடைமழை. எங்களோடு சைக்கிள் ஓடும் மெல்ரோய் மட்டக்குளிக்குப் பாண் கொண்டு போனவன். பின்னால் வந்த லொறி அவனை இடித்து எறிந்துவிட்டது. நான் ஓடிப் போனபோது லொறிக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டு, இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்று அழுதுகொண்டிருந்தான். மெல்ரோயின் கால் இரண்டாக மடிந்து கிடந்தது. பாண் சேற்றில் ஊறிக்கொண்டிருந்தது. முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பாண் ஏதும் தப்பினதோ?"

தூ! மனுஷனா இவன்?

அடுத்த நாள் விடியற்புறம் எங்கள் எல்லாரையும் போறணைக்கு முன்னால் கூப்பிட்டார்.

"பொலிஸ் விசாரிக்க வருது. நான் ஸ்பிரே குடுத்தனான், படமும் இருக்கு. மெல்ரோய் தன்ர எண்ணத்துக்கு அதை மூடிக்கொண்டு போனவன் எண்டு சொல்லுங்கோ."

"அப்ப அவன்ர வைத்தியச் செலவு? அவன்ர வேலை?" என்றேன்.

"பிழை அவன்ர எண்டா நான் ஏன் பொறுக்க வேணும்? கிளெமென்ற், உனக்கும் பிள்ளைகள் இருக்கு. யோசிச்சுக் கதை."

நான் வாய் திறக்குமுன் நேசம் அக்கா கைத்துணியை மேசையில் வீசி எறிந்தா.

"போன கிழமை ரெண்டு பாண் நனைஞ்சதுக்கு நீங்க மெல்ரோயை நாயே பேயே எண்டு ஏசினது என்ர காதால கேட்டனான். அதைத்தான் சொல்லுவன்."

"நேசம், நீ உன்ர வேலையைப் பார்!"

அதற்குள் போறணையிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. முதலாளி பதறினார். "வேலு! பாண்!"

வேலுசாமி துடுப்பைச் சுவரில் சாத்தினார். எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத மனுஷன். "கருகட்டுங்க. ஆளு காலு ஒடஞ்சு கெடக்குது, பாணு கருகினா என்னா? மெல்ரோய்க்கு ஒரு முடிவு சொல்லாம நாங்க யாரும் வேல செய்யலீங்க."

பாஹிம் தன் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தான். நானும் அவிழ்த்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லாச் சைக்கிள்களும் மதிலோடு சாய்ந்தன. கண்ணைக் கரித்த புகைக்குள் முதலாளி கத்திக்கொண்டே நின்றார்.

சார்ஜன்ட் வந்து இறங்கியதும் முதலாளி சிரித்த முகத்தோடு போனில் படத்தைக் காட்டி, மெல்ரோய்தான் பலகையை மூடினவன் என்றார். சார்ஜன்ட் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பலகையை மூட வைத்தது யாரென்று சிங்களத்தில் கேட்டார்.

"முதலாளி," என்றேன்.

"முதலாளி," என்றான் பாஹிம். நேசம் அக்கா சொன்னா. வேலுசாமி சொன்னார். பின்னால் நின்றவர்களும் சொன்னார்கள். முதலாளியின் சிரிப்பு செத்துப்போனது. சார்ஜன்ட் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாக்குமூலம் தருவதென்றால் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்.

"எல்லாரும் வாறம்," என்றா நேசம் அக்கா.

"போங்கோ! நாளைக்கு ஒருத்தரும் இஞ்ச வர வேண்டாம்!" என்று முதலாளி கத்தினார்.

எல்லோருக்கும் பயம்தான். இருந்தும் யாரும் பின்தங்கவில்லை. ஜம்பட்டா வீதியில் நடக்கும்போது மெல்ரோயின் மனைவி ரொஷேல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தா.

"கிளெமென்ற் அண்ணே, இவர் முழிச்சிட்டார். தன்ர இடத்துக்கு முதலாளி வேற ஆளைப் போட்டுட்டாரோ, இண்டைக்கு மட்டக்குளிக்குப் பாண் கொண்டு போனது ஆர் எண்டு கேட்டுக் கேட்டு அழுறார்."

"ஒருத்தரும் போகேல்ல எண்டு சொல்லுங்கோ, ரொஷேல். இண்டைக்கு ஒரு சைக்கிளும் வெளிக்கிடேல்ல. நாங்க எல்லாரும் அவனுக்காகத்தான் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறம்."