வண்டி நகர்த்தினவன்

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு மூக்கு இருக்கக் கூடாது. ஒரு பக்கம் மீன் கழுவின தண்ணீர், இன்னொரு பக்கம் கம்பெனிப் புகை, நடுவில் துறைமுக வாசலைப் பார்த்தபடி இருநூறு டிரெய்லர்கள். உள்ளே விட ஆறு மணி நேரம் ஆகும், சில நாள் இருபது மணி நேரமும் ஆகும். அத்தனை நேரமும் அத்தனை ஆண்பிள்ளைகளும் ஒதுங்குவதற்கு ஒரு மதில் சுவர். அதில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதே’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பின்னே எங்கே போவது என்று எழுதினவன் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுவரைப் பார்க்கிறேன், இன்றைக்கும் குமட்டுகிறது.

என் பெயர் கஸ்பார். கல்மண்டபத்துக்காரன். லைனில் எனக்கு முன்னாலோ பின்னாலோ பெரும்பாலும் ஜெயவேல் இருப்பான். அவன் வியாசர்பாடி. இரண்டு பேருக்கும் ஒரே முதலாளி, பதினாலு வருஷப் பழக்கம்.

லைனில் நிற்கிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடவோ ஒதுங்கவோ போகிறவன் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவான். லைன் நகர்ந்தால் பின்னால் இருக்கிறவன் அதில் ஏறி முன்னே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஓடி வந்து தன் வண்டியை எடுப்பான். இதற்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. நகர்த்தாமல் விட்டால் அந்த இடைவெளியில் எவனாவது மூக்கை நுழைப்பான், அதோடு அன்றைய பொழப்பு போச்சு.

அன்றைக்குக் காலை ஜெயவேலுக்கு வயிறு சரியில்லை. “மாமு, வண்டியப் பாத்துக்க” என்று கத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் ஓடினான். நான் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். லைன் அசைவதாகத் தெரியவில்லை. செல்லை எடுத்தேன். வீடியோவில் எவனோ இரும்புச் சட்டியில் இறால் வறுத்துக்கொண்டிருந்தான். சாவுச் செய்தி இல்லை, ஆஸ்பத்திரி அவசரம் இல்லை, வெறும் இறால் வறுவல். லைன் நகர்ந்தபோது அதைக் கீழே வைக்க மனசு வராமல் ஒற்றைக் கையால் வண்டியை எடுத்தேன். எதிர்ப் பக்கம் டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் கேமராவோடு நின்றதை நான் கவனிக்கவில்லை.

நாலாம் நாள் முதலாளி ரஷீது பாயின் செல்லுக்கு இ-சலான் வந்தது. கையில் செல்போனோடு வண்டி ஓட்டினது குற்றம். அன்றைக்கு வண்டி யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள். பாய் டிரிப் ஷீட்டைப் பார்த்து ஜெயவேல் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். படத்தில் வெயில் பட்டு முகம் தெரியவில்லை. ஒரு கையும் செல்லும் மட்டும் தெரிந்தன.

“ஃபைன கட்டிட்டுப் போலாம்னு பாத்தா, கட்னா ஒத்துகினதா அர்த்தமாம் மாமு” என்றான் ஜெயவேல். “அப்பால லைசென்ஸ மூணு மாசம் புடிச்சி வெச்சுக்குவாங்களாம். மூணு மாசம் வண்டிய சும்மா நிறுத்துவாரா பாய்? வேற ஆளப் போட்டுடுவாரு. இந்த வயசுல எவன்கிட்ட போய் நிக்கிறது?”

அது என் கை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் சொல்லிக் காட்டவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம்.

திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது, அதுவும் நாற்றமெடுத்த காரணம்தான். என்னுடைய ஹெவி லைசென்ஸ் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். எனக்கு வலது கண்ணில் புரை. நேர்மையான டாக்டர் எவரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆபரேஷன் என்று படுத்தால் வேலை போய்விடும் என்று தள்ளிப்போட்டு, நாற்பது டன்னை ஒன்றரைக் கண்ணோடு ஓட்டிக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கிற ரோட்டில். பாய் கேட்கவில்லை. என் மனைவி ஃப்ளோராவிடமும் நான் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லத் துப்பில்லாதவன் வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தேன். எந்தச் செல்லால் வினை வந்ததோ அதிலேயே சட்டத்தைத் தேடிப் படித்தேன். ‘ஓட்டும்போது’ என்றுதானே போட்டிருக்கிறது, லைனில் நிற்கிற வண்டியை எவன் ஓட்டுகிறான்?

“வண்டி நின்னுகினு இருந்துச்சுன்னு சொல்லு” என்றேன் ஜெயவேலிடம். “அவங்க கையில ஒரே போட்டோதான் கீது. அதுல வண்டி ஓடுதா நிக்குதான்னு எவனுக்குத் தெரியும்? ஃபைன் கட்டாத, கோர்ட்டுல பாத்துக்கலாம்.”

“இது நிக்குமா மாமு?”

“பாறை மாதிரி நிக்கும்டா.”

நானே அவன் செல்லை வாங்கி, சலானை ஒத்துக்கொள்ளவில்லை என்று பதிவு செய்து கொடுத்தேன். கேஸ் மாஜிஸ்திரேட்டுக்குப் போனது. தேதியும் வந்தது.

கோர்ட்டு மாடிப்படி மூலையெல்லாம் வெற்றிலை எச்சில். அதன்மேல் ஃபினாயிலை ஊற்றி இரண்டு நாற்றத்தையும் ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். வாசலிலேயே ஒரு கறுப்புக் கோட்டு எங்களை மறித்து, “ஒத்துக்கிட்டுப் போயிடுங்க, சீக்கிரம் முடிச்சுத் தரேன்” என்று தோளில் கை போட்டது. தட்டிவிட்டேன். என்னிடம் பாயிண்ட் இருக்கிறது என்கிற திமிர். ஜெயவேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

மாஜிஸ்திரேட் அம்மா வளவளவென்று பேசுகிறவர் இல்லை. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஜெயவேல் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். வண்டி நின்றிருந்தது, போர்ட் லைன், எஞ்சின்கூட ஓடவில்லை.

எஸ்.ஐ. ஃபைலில் இருந்து இன்னொரு படத்தை எடுத்து நீட்டினார். இருபது விநாடி கழித்து எடுத்தது. முதல் படத்தில் விளக்குக் கம்பம் வண்டிக்கு முன்னால் இருந்தது. இரண்டாவதில் அதே கம்பம் கன்டெய்னருக்குப் பின்னால். கை அதே கை, செல்லும் அதே செல்.

“வண்டி நின்னுட்டிருந்ததுன்னா கம்பம் நடந்து போச்சாப்பா?” என்று கேட்டார் எஸ்.ஐ. கோர்ட்டே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. என் பாறை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

மாஜிஸ்திரேட் அம்மா சிரிக்கவில்லை. படத்தையும் ஜெயவேலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல முகம் தெரியலை. ஓட்டினது நீங்கதானா? வேற யாராவது ஓட்டியிருந்தா இப்பவே சொல்லுங்க. அவங்களை விசாரிச்சு, உங்க பேரை எடுத்துடலாம்.”

ஜெயவேல் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தான். முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை, வெறுமனே பார்த்தான்.

அந்த ஒரு நொடியில் என் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது தெரியுமா? நான் எழுந்தால் லைசென்ஸ் இல்லாதது வெளியே வரும். லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தாய் என்று அவன்மேலும் கேஸ் போடுவார்கள். ஆகவே நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவனுக்குத்தான் நல்லது. சாக்கடையில் விழுந்தவன் குளிக்கத்தான் இறங்கினேன் என்கிற கதை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் மாதிரி நடித்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

“நான்தாம்மா ஓட்னேன்” என்ற குரல் கேட்டது.

ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அபராதம், மூன்று மாதத்துக்கு லைசென்ஸை நிறுத்திவைக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்குக் கடிதம். ஒரிஜினல் லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். ஜெயவேல் அதைக் கொடுப்பதற்கு முன் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தான்.

வெளியே வந்து டீ சொன்னோம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“நான் ஏந்திருச்சிருந்தா உனக்குத்தான்டா பேஜாரு. ஏன்னா, என் லைசென்ஸு…”

“எட்டு மாசமா செத்துப்போய் கீது. தெரியும்.”

“உனக்கு எப்டி?”

“லைன்ல எவனுக்கு இன்னான்னு எல்லாருக்கும் தெரியும் மாமு. கண்ணு விசயமும் தெரியும். தெரிஞ்சிதான் அன்னிக்கு சாவிய வுட்டுட்டு ஓடுனேன். என் தப்புதான், வவுறு கேக்கல.” கிளாஸைக் கீழே வைத்தான். “நீ ஏந்திருச்சிருந்தா ‘குந்துடா’ன்னு நானே சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் மாட்டிகினு இன்னா ஆவப்போவுது? ஆனா நீ ஏந்திருக்கிறியான்னுதான் திரும்பிப் பாத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னான். தன் டீக்கு மட்டும் காசு வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.

மத்தியானம் எனக்கு லோடு இருந்தது. கண்ணும் லைசென்ஸும் சரியாக இருந்தவன் பஸ் ஏறிப் போனான். இரண்டும் இல்லாத நான் போய் டிரெய்லரை எடுத்தேன். தூ.