காற்றடித்த கால்சட்டை

நிஹாத் அத்தானின் வேனில் எனக்கு ஒரு இருக்கை ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னலோரம். அக்கா அதைப் பெரிய சலுகை போலச் சொன்னாள். மதியம் எங்கள் ஊர் பிஹாச்சிலிருந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் எல்லை தாண்டி லுப்லியானா. மறுநாள் காலை யாரோ ஒரு ஸ்லோவேனியரின் குளியலறையில் மண்டியிட்டு ஓடு ஒட்ட வேண்டும். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் இப்போது ஐரோப்பாவின் ஏதோ ஒரு குளியலறையில் மண்டியிட்டுத்தான் இருக்கிறார்கள். மிச்சப்பேர் காபிக்கடையில் உட்கார்ந்து, எப்போது மண்டியிடப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் போக மனமில்லை. வெறுமனே அப்படிச் சொன்னால் "வேற என்ன பண்ணிக் கிழிக்கப் போற" என்று வீட்டில் கேட்பார்கள். அதனால் முதலில் கிழிப்பதற்கு ஒன்றைத் தேடினேன்.

ஊனா ஆற்றங்கரையில் ஸியாதா அக்கா ஒரு விடுதி நடத்துகிறார். இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்கு ஆற்றில் வழிகாட்டிய ஆள் வசந்தத்தில் லின்ஸ் நகரத்துக்கு ஓடு ஒட்டப் போய்விட்டான். அந்த வேலைக்குத் தகுதி இரண்டு: ஜெர்மன் பேச வேண்டும், சாமான்கள் சொந்தமாக இருக்க வேண்டும். ஜெர்மன் எனக்குக் கார்ட்டூன் சேனல் கற்றுக்கொடுத்தது. சாமான்கள்தான் இல்லை.

"வேன் கெளம்பற அன்னைக்குக் காலைல வா. ஆஸ்திரியாக்காரர் ஒருத்தர் வர்றார். மதியத்துக்குள்ள அவருக்கு ஒரு மீன் புடிச்சுக் காட்டு. காட்டினா சீசன் முழுக்க வேல" என்றார் ஸியாதா அக்கா.

"காட்டலன்னா?"

"உன் அத்தானுக்கு நல்ல ஆளு கெடைச்ச மாதிரி."

நேராக நண்பன் எம்சூதின் பஞ்சர் கடைக்குப் போனேன். எம்சூத் ஊரைவிட்டுப் போகாததற்கு ஒரே காரணம், அவனுடைய காற்றடிக்கும் மெஷினை எந்த வேனிலும் ஏற்ற முடியாது என்பதுதான்.

ஒரு வாரம் உட்கார்ந்து சாமான்களை நாங்களே உருவாக்கினோம். பனிச்சறுக்குக்காரர்களின் உடைந்த ஸ்கீ குச்சி, ஆற்றில் ஊன்றி நடக்கும் கோல் ஆனது. யாரோ வங்கி ஊழியர் தொலைத்த அடையாள அட்டையின் சுருள்கயிற்றில் நகவெட்டி தொங்கியது. இழுத்து நூலை வெட்டிவிட்டுக் கையை எடுத்தால் தானே மார்புக்கு ஓடி வந்துவிடும். செத்துப்போன ஸ்பீக்கரின் காந்தத்தை என் சட்டையின் முதுகில் தைத்து வலையை மாட்டினோம். அந்தக் காந்தம் வலையை மட்டுமல்லாமல் பூச்சிப் பெட்டியையும், எம்சூதின் ஸ்பேனர்களையும், ஒருமுறை கடை ஷட்டரையும் பிடித்துக்கொண்டது. பாசிப் பாறையில் வழுக்காமலிருக்க ரப்பர் பூட்ஸின் அடியில் கம்பளம் ஒட்டினோம். அது அம்மாவின் சோபாவுக்கு அடியில் கிடந்த கம்பளம். சோபா நகராதவரை அவளுக்குத் தெரியாது.

முக்கியமான உருப்படி கால்சட்டை. மார்பு வரை வரும், தண்ணீர் புகாத கால்சட்டை. கடையில் விற்கிற விலைக்கு என்னையே விற்றாலும் வாங்க முடியாது. எம்சூத் இரண்டு லாரி டியூபை வெட்டி, ஒட்டி, சூடு காட்டி, பூட்ஸோடு சேர்த்துவிட்டான். இடுப்பில் பழைய கார் ஒன்றின் சீட் பெல்ட். ஒவ்வொரு தொடையிலும் டியூபின் வால்வு அப்படியே இருந்தது.

"இது எதுக்குடா?"

"பஞ்சர் எப்படிப் பாப்போம்? காத்தடிச்சுத் தொட்டியில முக்குவோம். முட்ட வந்தா ஓட்ட. வால்வு இல்லாட்டி எப்படி அடிக்கறது?"

அடித்தோம், முக்கினோம். ஒரு குமிழிகூட வரவில்லை. எம்சூத் தாடையைத் தடவினான். அவன் தாடையைத் தடவினால் ஏதோ யோசனை வரப்போகிறது என்று பொருள்.

"செனாத், இப்படிப் பாரு. உள்ள காத்து அமுக்கமா இருந்தா, வெளிய இருந்து தண்ணி எப்படிடா வரும்?"

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது.

அன்று காலை விடுதிக்குப் பின்னால் என்னை நிற்க வைத்து, பெல்ட்டை இறுக்கிப் பூட்டி, கால்பம்பால் காற்றடித்தான். இரண்டு தொடையும் திருமண விருந்துக்குத் தயாரான ஆட்டுத்தொடைகள் மாதிரி ஆயின. "ஒரு சொட்டு இறங்காது" என்று முதுகில் தட்டிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டான்.

விருந்தாளியின் பெயர் ஓட்மார். கிராட்ஸ் ஊரில் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர். என் கால்சட்டையை அவர் மரியாதையாகப் பார்த்தார்.

"புது மாடலா, செனாத் சார்?"

"இங்க மட்டும்தான் கெடைக்கும்."

எங்கள் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. அடியில் சுண்ணாம்புப் பாறை, திடீர் திடீரென்று குழி. அதனால் வழிகாட்டி முதலில் இறங்குவான், விருந்தாளி அவன் கால் வைத்த இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். இதை அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நான் என்ன செய்யறேனோ அதையே செய்யுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க." ஓட்மார் தலையை ஆட்டினார். இந்த ஊரில் நான் சொன்னதற்கு முதல்முறையாக ஒருவர் தலையாட்டினார் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

முழங்கால் வரை எல்லாம் நன்றாகவே போனது. சட்டைப் பாக்கெட்டில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போன் அதிர்ந்தது. அத்தான். எடுக்கவில்லை. தண்ணீர் தொடைக்கு வந்ததும் என் கால்களுக்கு என் மீதிருந்த மதிப்பு குறையத் தொடங்கியது. எதிர்க்கரைக்கு அருகே நீரில் வட்டங்கள் தெரிந்தன. லிப்லென் மேய்கிறது. முதுகுத்துடுப்பைப் பாய்மரம்போல விரிக்கும் மீன். மனசு பறந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தேன்.

என் கால்கள் இரண்டும் சேர்ந்து மேலே வந்து என்னைப் பார்த்தன.

ஸ்கீ குச்சி ஒரு பக்கம் போனது. மல்லாக்கப் படுத்த வாக்கில், கால்கள் முன்னால், தலை பின்னால், நான் ஊனாவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். எம்சூத் சொன்னது உண்மை. கால்சட்டைக்குள் ஒரு சொட்டு வரவில்லை. காதுக்குள்தான் வந்தது.

பின்னால் ஒரு குரல் கேட்டது. நிதானமான ஜெர்மன்.

"செனாத் சார், கையை விரிச்சு வைக்கணுமா, மடக்கணுமா?"

திரும்ப முடிந்தவரை திரும்பிப் பார்த்தேன். ஓட்மார் தூண்டில் கோலை மார்பில் வைத்துக்கொண்டு, சவப்பெட்டிக்குள் கிடக்கும் மன்னர்போல மிதந்து வந்தார். சொன்னதைச் செய்கிறவர்.

"விரிச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது.

விடுதியின் முற்றத்துக்கு நேர் கீழே கூழாங்கல் திட்டு இருக்கிறது. ஆறு எங்களை அதில் ஒதுக்கியது, முதலில் என்னை, பிறகு அவரை. முற்றத்தில் ஸியாதா அக்கா காபி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"மீன் கெடைச்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

"கூப்பிட்டுப் பாத்தியா? படுத்துக்கிட்டே."

ஓட்மார் எழுந்து தொப்பியைப் பிழிந்தார். "முப்பது வருஷமா மீன் புடிக்கறேன். இந்த முறைய எங்கயும் பாத்ததில்ல. மீனுக்கு நம்ம நிழல் தெரியாம இருக்கத்தான?"

"ஆமா" என்றேன் ஜெர்மனில்.

"என்னடா சொல்றார்?"

"திருப்தியா இருக்குன்னு சொல்றார்."

"எனக்குத் திருப்தியா இல்ல. உன் அத்தான் வேன் பாலத்துக்குப் பக்கத்துல நிக்குது. ரெண்டு தரம் வந்து கேட்டுட்டார்." கோப்பையைத் தட்டில் வைத்தார். "மதியம் இன்னும் ஆகல. ஆனா கிட்ட வந்துருச்சு."

சீட் பெல்ட் திறக்கவில்லை. எம்சூதுக்குப் போன் செய்தேன். "வால்வ அமுக்குடா. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ" என்றான். தீக்குச்சியால் அமுக்கினேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படியான ஒரு சத்தத்துடன் நான் மெல்ல ஒல்லியானேன். ரப்பரை உரித்துத் திட்டில் போட்டேன். பூட்ஸும் அதோடு போயிற்று. உள்ளே ஜீன்ஸ். காலில் சாக்ஸ் மட்டும்.

அப்படியே தண்ணீரில் இறங்கினேன். ஊனா மலையின் வயிற்றிலிருந்து வருகிற தண்ணீர். ஜூன் மாதம் என்பது அதற்குத் தெரியாது. முதலில் வலித்தது, பிறகு வலி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"பின்னாடியே வாங்க" என்றேன். ஓட்மார் என் காலைப் பார்த்தார், தன் விலையுயர்ந்த கால்சட்டையின் தோள்வாரில் கை வைத்தார்.

"வேணாம், கழட்டாதீங்க. இது எனக்கு மட்டும்."

திட்டுக்கு மேலே, வில்லோ மரத்தின் வேரையொட்டி ஒரு வட்டம். நின்றேன். மறுபடி ஒன்று. பாலத்திலிருந்து ஹார்ன் அடித்தது. அத்தான் ஹார்னை அடிக்கிற விதத்திலேயே அக்காவின் குரல் இருக்கும். நான் திரும்பவில்லை. திரும்பினால் கால் தானாகக் கரையேறிவிடும் என்று பயம். அந்தக் கால் அன்று ஏற்கனவே ஒருமுறை என்னைக் கேட்காமல் முடிவெடுத்திருந்தது.

"அந்த வேருக்கு ரெண்டு முழம் மேல போடுங்க. சின்னப் பூச்சி. பழுப்பு."

முதல் வீச்சு கிளையில் மாட்டியது. நான் போய் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது குறைந்து விழுந்தது. ஹார்ன் மறுபடி. மூன்றாவது பூச்சி வேரருகே சுழன்று, நின்று, ஏதோ யோசித்ததுபோல இறங்கி வந்தது. தண்ணீர் அதை உறிஞ்சிக்கொண்டது.

"தூக்குங்க."

தூக்கினார். முதுகிலிருந்து வலையைப் பிடுங்கியபோது பூச்சிப் பெட்டியும் சேர்ந்து வந்தது. கையில் வந்த லிப்லென் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஓட்மார் அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, துடுப்பு விரிவதைப் பார்த்து, ஏதோ மெதுவாகச் சொல்லி விட்டுவிட்டார். பிறகு என் கையைக் குலுக்கினார். குளிரில் என் பற்கள் தந்தியடித்ததை அவர் உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டார்.

கரையில் ஸியாதா அக்கா நின்றிருந்தார்.

"அது மீனாடா?"

"தலையும் வாலும் இருந்துச்சேக்கா."

"நடுவுல எதுவும் இல்லையே."

மூன்றாவது ஹார்ன் நீளமாக அடித்தது. ஸியாதா அக்கா சலித்துக்கொண்டே பாலத்துப் பக்கம் நடந்தார். வேன் ஜன்னலில் குனிந்து ஏதோ பேசினார். அத்தான் கையை விரித்தார், அக்காவும் கையை விரித்தார். நான் தண்ணீரிலேயே நின்றேன். ஏற வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று தெரியாமல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஓட்மாரும் மாற்றினார். வேன் கிளம்பிப் பாலத்தைத் தாண்டியது. வீட்டிலிருந்து ஏற்றி வந்த என் பை அதில் இல்லை; அத்தான் அதைக் கைப்பிடிச் சுவரோரம் இறக்கி வைத்திருந்தார்.

அக்கா திரும்பி வந்தார்.

"என்ன சொன்னீங்கக்கா?"

"குளியலறை ஓட்டையெல்லாம் நீங்களே ஒட்டிக்கோங்கன்னு சொன்னேன்." என் ஜீன்ஸைப் பார்த்தார். "கால் வெறைச்சிருக்கா?"

"இருக்கான்னே தெரியல."

"நாளைக்குக் காலைல மூணு பேர் வர்றாங்க" என்றார். "அந்தப் பைய நனையற எடத்துல வைக்காத."