குத்தாத ஊசி

ஹோங்லியன் கையெழுத்துக் கேட்டபோது காகிதத்தை நான் படிக்கவில்லை. நான்தொங் நகரப் பஞ்சாலை விடுதியில் நாலு வருடம் ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள். பிறகு அவள் படித்து அக்குபங்சர் டாக்டரானாள். நான் தறியிலேயே கிடந்தேன். எனக்குப் புற்றுநோய் வந்ததும், கீமோ வாந்திக்கு ஊசி வைக்கிறேன், என் ஆராய்ச்சியில் சேர்ந்துகொள் என்றாள். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றால் அவளைச் சந்தேகப்பட்டதாகாதா? கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன், புத்தி கெட்டவள்.

மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே ஊசி வைத்து, கடுப்பு ஏறுகிறதா என்பாள். சுற்றி அவள் மாணவர்கள் நிற்பார்கள். எனக்கு ஒரு கடுப்பும் ஏறாது. அவர்கள் முன்னால் அவள் முகம் வாடலாமா? ஏறுகிறது என்பேன். குமட்டலும் குறைந்தது என்பேன். அவள் போனதும் வாளியைக் கட்டிக்கொண்டு குடல் வெளியே வரும்படி எடுப்பேன். பச்சைத் தண்ணீர்கூட நிற்காது. இரண்டு சுற்று கீமோ இப்படி. மூன்றாவதும் இப்படியே போனால், செத்தாலும் சரி, நாலாவதற்கு வரமாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது சுற்றில் பக்கத்துக் கட்டில் ஃபெங் அக்கா, ஊசி வைத்தால் முழங்கைவரை எறும்பு ஊர்கிறது என்று முனகினாள். அவள் கையில் சிவப்புப் புள்ளி இருந்தது. என் கையில் ஒரு கீறலும் இல்லை. மறுநாள் ஹோங்லியன் வைத்த ஊசியை அவள் எதிரிலேயே பிய்த்துப் பார்த்தேன். முனை மழுங்கல். அழுத்தினால் கைப்பிடிக்குள் போனது.

"இது என்னடி?" என்றேன்.

சீட்டுக் குலுக்கினார்களாம். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பேருக்குப் பொய் ஊசி. காகிதத்தில் எழுதியிருந்ததாம்.

"நீதானே கடுப்பு வருதுன்ன? நல்லாருக்குன்னும் சொன்ன?"

"உன் மானத்துக்காகச் சொன்னேன்டி. குத்தலேன்னு உனக்குத் தெரியும்ல? அப்ப நான் சொன்னது பொய்னும் தெரியும்ல?"

நான் கையை நீட்டினேன்.

"சரி, இப்பக் குத்து."

அவள் தன் கையிலிருந்த ஆராய்ச்சிக் கோப்பைப் பார்த்தாள். "இன்னும் ஒரே ஒரு சுத்துதான், சூயுன். அது முடியட்டும். அப்புறம் தினமும் வந்து குத்துறேன்."

கையை இழுத்துக்கொண்டேன். "உனக்கு வேற ஆளு கிடைப்பா. எனக்கு வேற உடம்பு கிடையாது, போடி."

ஆராய்ச்சியிலிருந்து பெயரை அடித்தேன். கணவர் கெஞ்சிக் கூத்தாடி நாலாவதற்கு அழைத்துப் போனார். முன்பின் தெரியாத ஒரு டாக்டர் ஊசி குத்தினார். கடுப்பு முழங்கைக்கு ஏறியது. சாயங்காலம் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தேன். நின்றது. கணவர் சிரித்தார், நான் வாய்விட்டு அழுதேன். முதல் சுற்றிலேயே இப்படிக் குடித்திருக்கலாம். அது ஹோங்லியனுக்குத் தெரியும்.